உதடு அசையவில்லை

ஜூன் 5, புதன்

கேள்வி கேட்ட பையனுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். என் ரெஸ்யூமில் ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தான், எடுக்கவே இல்லை.

"போன ஆகஸ்ட்ல இருந்து இப்ப வரைக்கும் என்ன பண்ணீங்க மேடம்?"

"வீட்டில் இருந்தேன்."

"வீட்டுலன்னா?"

வீட்டில் என்றால் வீட்டில்தான். பதினாறு வருடம் ஒரு பம்பு கம்பெனியில் உள்தணிக்கை பார்த்தேன். போன ஆகஸ்டில் அந்தப் பிரிவைச் சென்னைக்கு மாற்றினார்கள், என்னைக் கோயம்புத்தூரிலேயே விட்டுவிட்டார்கள். இதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவனே சொன்னான். "கேப் இருக்கறது தப்பில்ல மேடம். எதையாவது போட்டு நிரப்பிடணும். வாலண்டியரிங் பண்ணுங்க. இப்ப எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க."

வேலை இல்லை என்பதை இவ்வளவு இனிமையாகச் சொல்லவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தாரணி கல்லூரியிலிருந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் செல்போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். பார்வையற்றவர்கள் பரீட்சை எழுதும்போது அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதித்தர ஆள் வேண்டுமாம். ஸ்கிரைப் என்கிறார்கள்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கும்லம்மா. ரெஸ்யூம்ல போட்டா சூப்பரா இருக்கும்."

பெற்ற மகளே அப்படிச் சொன்ன பிறகு நான் இதைச் சேவை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

ஜூன் 9, ஞாயிறு

துணைக்கை அறக்கட்டளை ராம்நகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கான இடத்துக்குக் கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. அதைப் பற்றி யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நடத்துபவர் பத்மநாபன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக வந்த எங்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். அதில் விஷயம் இவ்வளவுதான்: "பரீட்சை ஹால்ல நீங்க ஒரு கை. கேள்வியை வாசிக்கற வரைக்கும் ஒரு வாய். மூளையைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க. அவங்க தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். உங்களுக்குச் சரியான விடை தெரிஞ்சிருக்கே, அது அங்க ஒரு வியாதி."

பிறகு ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் புண்ணியம் என்றார். ஒரு கல்லூரிப் பெண் "சர்ட்டிஃபிகேட் குடுப்பீங்கன்னு சொன்னாங்க சார்" என்றாள். மனதுக்குள் அவளுக்கு மட்டும் மதிப்பெண் போட்டேன். என் முறை வந்தபோது "நேரம் இருக்கிறது" என்றேன்.

பழைய ஆட்களில் ஒருத்தி பூர்ணிமா. முப்பத்தைந்து வயது இருக்கும். சௌரிபாளையத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். மூன்று வருடமாக வருகிறாளாம். ஏன் என்றால், "எனக்கு அடுத்தவங்க சொல்லச் சொல்ல எழுதறது பிடிக்கும்ங்க."

அடுத்தவர் சொல்ல எழுதுவது யாருக்காவது பிடிக்குமா? எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் ஓர் இடத்துக்கு மூன்று வருடம் வந்து நான் பார்த்ததில்லை. கம்பெனியில் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை.

சுண்டல் நன்றாக இருந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

ஜூன் 13, வியாழன்

மாவு பொங்கி வழிந்து அடுப்பு மேடை முழுக்க. துடைத்தேன். யாரும் போன் செய்யவில்லை.

ஜூன் 22, சனி

என்னை ஒரு பெண்ணோடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். கௌசல்யா, பி.ஏ. வரலாறு முடித்தவள், பிறவியிலேயே பார்வை இல்லை. ஜூலையில் ஒரு கூட்டுறவு நிறுவனம் எழுத்தர் வேலைக்குத் தேர்வு வைக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, சரியானதன் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். நான் கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசிப்பேன், அவள் எண்ணைச் சொல்வாள், நான் வட்டத்தை நிரப்புவேன். சனிக்கிழமைதோறும் பயிற்சி.

பெண் கெட்டிக்காரி. கணக்கில் நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது.

"உங்க குரல் நல்லா இருக்குங்க்கா. பஸ் ஸ்டேண்டுல மைக் முன்னாடி உக்கார வெச்சா ஒருத்தரும் பஸ்ஸ விடமாட்டாங்க."

சிரித்துவிட்டேன். பிறகு, இவள் எல்லா ஸ்கிரைப்பிடமும் இதைத்தான் சொல்வாளோ என்று தோன்றியது. சொன்னால் என்ன. மனது ஏனோ லேசாக இருந்தது. வீட்டுக்கு வரும்போது வாழைப்பூ வாங்கினேன். ஆய்வதற்குப் பொறுமை இருக்கும்போல் இருந்தது, இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

பேருந்தில் பூர்ணிமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்குத் தெரியுமா? ஆபீஸ்ல சம்பளத்துக்கு ஆள் எடுக்கறாங்களாமா."

ஒரு நூற்பாலைக்காரர்கள் அறக்கட்டளைக்கு நிதி தருகிறார்களாம். அதில் முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைக்கப் போகிறார்கள். வெளி ஆள் வேண்டாம், தன்னார்வலர்களுக்குள்ளேயே பார்ப்போம் என்று சார் சொன்னாராம். எழுத்தர் தேர்வு முடிந்ததும்.

"நீ அப்ளை பண்றியா?" என்று கேட்டேன்.

"பண்ணோணும்ங்க்கா. நீங்களும் பண்ணுங்க. நீங்க பெரிய கம்பெனில இருந்தவங்க."

போட்டிக்கு வருபவளே இன்னொருத்திக்கு வந்து சொல்வதென்றால் இரண்டில் ஒன்று. அவளுக்கு ஏற்கெனவே உறுதியாகிவிட்டது, அல்லது நான் என்ன நினைக்கிறேன் என்று ஆழம் பார்க்கிறாள். இறங்கும்போது என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சேவைக்குப் போறேன்னு போயி அங்கயும் வேலை தேட ஆரம்பிச்சுட்டியா இந்து?" என்றார். கிண்டல்தான். ஆனாலும் ரசத்தில் உப்பு போட மறந்துபோனேன். மறந்ததாகவே இருக்கட்டும்.

ஜூலை 6, சனி

மாதிரித் தேர்வு. பூர்ணிமா எழுதிக்கொடுக்கும் திருமூர்த்திதான் முதல். உடுமலைக்காரன், இருபத்து நான்கு வயது, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்வை போனதாம். போன வருடமும் பூர்ணிமா எழுதித்தந்தவர்கள்தான் முதலில் வந்தார்களாம். பத்மநாபன் சார் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "பூர்ணிமா கை ராசியான கை."

தணிக்கையில் ராசி என்று ஒரு காரணம் எழுதினால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரே கடையிலிருந்து வரும் பில்கள் மட்டும் எப்போதும் சரியாக இருந்தால் அந்தக் கடையைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கௌசல்யா மூன்றாவது. "இன்னும் கொஞ்சம் வேகமா வாசிச்சீங்கன்னா நானும் ராசியாயிருவேங்க்கா" என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று தேர்வு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைக்கிறேன்.

பார்வையற்றவர்களுக்குத் தனித்தனி அறை தருவது வழக்கம். இன்று மையத்தில் இடம் இல்லை என்று நான்கு ஜோடிகளை ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். கௌசல்யாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனதில் எங்களுக்குத் தாமதம். உள்ளே போகும்போது மற்ற மூன்று ஜோடிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் பூர்ணிமாவின் மேசையருகே குனிந்து ஏதோ பேசிவிட்டுத் தலையாட்டிச் சிரித்தபடி நகர்ந்தார். தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அறையில் எல்லோரும் கிசுகிசுத்தோம். நான் வாசிப்பேன், கௌசல்யா என் காதருகே எண்ணைச் சொல்வாள். பொது அறிவுப் பகுதி முடிகிற நேரம் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் பூர்ணிமாவின் உதடு அசைகிறது, கேள்வி வாசிக்கிறாள். திருமூர்த்தியின் உதடு அசையவில்லை. அவள் வட்டத்தை நிரப்புகிறாள். அடுத்த கேள்வி. அவன் வாய் அப்படியே மூடியிருக்கிறது. அவள் நிரப்புகிறாள்.

ஒருமுறை என்றால் தற்செயல் எனலாம். நான் தொடர்ந்து பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, கோயிலில் உட்கார்ந்திருப்பவனைப் போல. இடது கையை மேசைக்கு அடியில் விட்டிருந்தாள் அவள். வலது கை ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா," என்றாள் கௌசல்யா. "மூணு. கேட்டுச்சுங்களா?"

"கேட்டது."

"இல்ல, அதுக்கு முந்துன கேள்விக்கு ரெண்டுன்னு சொன்னேன்."

"எழுதிவிட்டேன் கண்ணு."

கணக்குப் பகுதி முடியும்வரை அவனுடைய உதடு ஒரு தடவைகூட அசையவில்லை. அதை என்னால் எங்கு வேண்டுமானாலும் சொல்ல முடியும்.

வெளியே வந்ததும் பூர்ணிமா எல்லோருக்கும் மோர் வாங்கிக்கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன்.

ஜூலை 15, திங்கள்

சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். நானும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு தவறுதானே.

கேஸ் வந்தது. தோசைக்கல்லுக்கு ஒரு கைப்பிடி மாற்ற வேண்டும்.

ஜூலை 17, புதன்

பத்மநாபன் சாரைப் பார்த்தேன். புகார் இல்லை, ஒரு விளக்கம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பையன் பேசவே இல்லைங்கறீங்க."

"ஒரு தடவைகூட."

"நீங்க உங்க பொண்ணுக்கு எழுதிட்டு இருந்தீங்களேம்மா. நடுநடுவுல பார்த்திருப்பீங்க."

"கணக்குப் பகுதி முழுக்கப் பார்த்தேன் சார்."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆலைக்காரங்க பணம் போடற நேரம். இது வெளிய போச்சுன்னா நம்ம பசங்களை ஒரு சென்டர்லயும் உள்ள விடமாட்டாங்க. நான் பூர்ணிமாவைக் கூப்பிட்டுக் கேட்கறேன்."

"கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள் சார்" என்றேன். "எந்தத் தணிக்கையிலும் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்கமாட்டோம். உஷாராகிவிடுவார்கள். அந்தப் பையனின் எதிர்காலமும் இதில் இருக்கிறது. சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்தால் போதும்."

அது பொதுவாக உள்ள நடைமுறை. நானாகக் கண்டுபிடித்ததில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நல்லவேளை என்கிட்ட வந்து சொன்னீங்க" என்றார். அந்த "நல்லவேளை" எனக்கா அவருக்கா என்று புரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கூட்டத்துக்குப் பூர்ணிமா வரவில்லை. வரச்சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சுண்டல் இல்லாததைப் பலரும் கவனித்தார்கள், அவள் இல்லாததை அப்புறம்தான் கவனித்தார்கள்.

மதியம் அவளிடமிருந்து போன். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன், எடுக்க முடியவில்லை. திரும்பவும் அடித்தாள். இரண்டாவது சட்டி அப்பளம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நேர்காணல். பத்மநாபன் சாரும் ஆலையிலிருந்து வந்த ஓர் அம்மாளும். அந்த அம்மாளுக்கு என் தணிக்கை அனுபவம் பிடித்திருந்தது. "நேர்மைக்காகச் சங்கடமான முடிவு எதாச்சும் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். எடுத்திருக்கிறேன், சமீபத்தில்கூட, என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒரு தேர்வறை, நான்கு ஜோடிகள், அசையாத உதடு. அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேலை எனக்கு. தாரணி தெரு முனைக் கடையிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்தாள். "பாத்தியாம்மா, வாலண்டியரிங் ஒர்க் அவுட் ஆயிடுச்சு." இவரும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். சர்க்கரை இருப்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

எழுத்தர் தேர்வு முடிவும் இன்றுதான் வந்தது. திருமூர்த்தி முதல் கட்டம் தாண்டிவிட்டான். கௌசல்யாவுக்குக் கொஞ்சத்தில் போய்விட்டது. கணக்கில்தான் அடி விழுந்திருக்கிறது என்றாள் போனில்.

"எனக்கே புரியலைங்க்கா. கணக்குல எல்லாமே சரியாத்தான் சொன்ன மாதிரி இருந்துச்சு."

பரீட்சைப் பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று தேற்றினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சேர்ந்துவிட்டேன். எனக்கென்று ஒரு மேசை, ஒரு சாவி, சக்கரம் வைத்த நாற்காலி. ஒரு வருடம் கழித்து ஒருவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் பற்றாக்குறைதான் பெரிய தலைவலி. பரீட்சை இருக்கும் ஞாயிறுகளில் எல்லோருக்கும் கல்யாண வீடு வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 24, சனி

நாளை திருமூர்த்திக்கு இரண்டாம் கட்டம். எழுத ஒத்துக்கொண்டிருந்த ஆசிரியருக்குக் காய்ச்சல். வேறு யாரும் கிடைக்கவில்லை. நானே போகிறேன். இந்த முறை அவன் வாயைத் திறந்து சொல்லட்டும், நான் எழுதுகிறேன். அவனுடைய உண்மையான தரமும் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு.

"பூர்ணிமாக்கா ஏனுங் வர்றதில்ல?"

"அவங்களுக்கு வேலை இருக்கிறதாம்."

"எங்கிட்டயும் தையல் வேலைன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. குரல் சின்னதாயிரும்."

என் குரலைப் பற்றி அவன் என்ன கணக்குப் போடுகிறான் என்று தெரியவில்லை.

இன்றும் ஒரே அறையில் பல ஜோடிகள். உட்கார்ந்ததும் திருமூர்த்தி கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டான்.

"சார், முன்னாடியே சொல்லிடறனுங். நான் வாய்ல சொல்லமாட்டேன். இவங்க கையில தட்டுவேன். ஒண்ணாவது விடைன்னா ஒரு தட்டு, நாலாவதுன்னா நாலு. பரவால்லீங்களா?"

அவர் சிரித்தார். "நல்ல ஏற்பாடா இருக்கே. பண்ணுப்பா."

"உங்க இடது கையைக் குடுங்க மேடம். மேசைக்கு அடியில வெச்சுக்கோங்க. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாதுன்னு அக்கா அப்படித்தான் வெச்சுக்குவாங்க."

கொடுத்தேன்.

முதல் கேள்வியை வாசித்தேன். புறங்கையில் இரண்டு தட்டு. இரண்டாவது வட்டத்தை நிரப்பினேன். அடுத்தது, நான்கு. அடுத்தது, ஒன்று. தயக்கமே இல்லை. எழுதுகிறேன், எழுதுகிறேன், கை தன்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஒருமுறை மட்டும் நிறுத்தினான். விரல் என் கைமேல் அப்படியே நின்றது. யோசிக்கிறான். பிறகு மூன்று. எனக்குத் தெரிந்த வரை அது தவறான விடை. மூன்றை நிரப்பினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வாயிலேயே சொன்னால் என்ன?"

"பக்கத்துல இருக்கறவங்க காதுல விழுமுங்களே. போன வருசம் ஒரு பரீட்சைல நான் சொல்லச் சொல்ல அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு அதையே எழுதிட்டாங்க. எனக்குக் கோவம்னா கோவம். அக்காதான் சொன்னாங்க, காதுல விழாம இருந்தா அவங்களுக்கும் தப்பு பண்ணத் தோணாதுன்னு. வீட்ல கூட்டிட்டுப் போய் ஒரு மாசம் பழக்கிவிட்டாங்க. அவங்க பையன் சோபால உக்காந்துட்டு எனக்குக் கேள்வி வாசிப்பான்."

"இதைப் பற்றி எங்களிடம் சொல்லவே இல்லையே நீ."

"யாரும் கேக்கலீங்களே."

சொல்லிவிட்டு மடக்கிவைத்திருந்த கோலை விரித்தான். "ஆனா நீங்க நல்லா எழுதறீங்க மேடம். வட்டம் நிரப்பற சத்தமே வர்றதில்ல. அக்கா அழுத்தி எழுதுவாங்க."

ஆகஸ்ட் 26, திங்கள்

அவனுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் "யாரும் கேட்கவில்லை" என்றானோ? கண்காணிப்பாளரை என் காதுபடக் கூப்பிட்டுச் சொன்னதும் எனக்காகத்தானோ? பத்மநாபன் சாருக்கு இந்தத் தட்டும் விஷயம் முன்பே தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஆலை அம்மாளுக்குப் பிடித்த மாதிரி ஓர் ஆள் கிடைத்தாள் என்று விட்டுவிட்டாரோ?

இப்படியே ஒரு பக்கம் எழுதலாம். எல்லோர்மேலும் சந்தேகம் போய்த் திரும்பி வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அன்று குனிந்து பேசிவிட்டுச் சிரித்தபடி போனாரே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

கேட்டிருந்தால் நான் இந்த நாற்காலியில் இருந்திருப்பேனா என்பது வேறு கேள்வி. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

சாரிடம் சொன்னேன். தட்டுவதை, கண்காணிப்பாளருக்குத் தெரிந்திருந்ததை, எல்லாவற்றையும்.

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நிம்மதிப்பட்டது போலவும் இருந்தது, எரிச்சல்பட்டது போலவும் இருந்தது.

"நானாவது கேட்டிருக்கணும்."

"நான்தான் கேட்க வேண்டாம் என்றேன்."

"விடுங்கம்மா. தெரியாம நடந்தது. இப்ப ஆலை அம்மாகிட்டப் போயி, உங்க ஒருங்கிணைப்பாளர் நேர்காணல்ல சொன்ன சம்பவமே தப்புன்னு சொல்ல முடியுமா? பூர்ணிமாவுக்கு நானே போன் பண்றேன். ஞாயித்துக்கிழமை பரீட்சைக்கு வரச்சொல்லுவோம். பழையபடி எழுதட்டும்."

"சம்பளம் இல்லாமலா?"

"அவ சேவைக்குத்தானே வந்தா?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் எந்தக் கபடமும் இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சௌரிபாளையம். ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள சந்து. பூர்ணிமா தையல் மிஷினில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து துணிகளை நகர்த்தி இடம் பண்ணினாள்.

"வாங்க்கா. காப்பி குடிக்கறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். நேர்காணலில் சொன்னது உட்பட. ஊசியிலிருந்து நூலை உருவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கதான்னு தெரியுங்க்கா. மோரு வேண்டாம்னீங்கல்ல, அப்பவே ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. அப்பறம் போன் எடுக்கல."

"ஏன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை நீ?"

"சாரு வந்து கேட்டா சொல்லலாம். கேக்காதவங்ககிட்டப் போயி நான் திருடி இல்ல, திருடி இல்லன்னு எப்படிங்க்கா சொல்றது?"

உட்கார்ந்துவிட்டேன். உள்ளே குக்கர் விசில் வந்தது. அவள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"சார் கூப்பிட்டால் திரும்ப வருவாயா?"

"எதுக்கு, வேலைக்கா சேவைக்கா?"

நான் வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"சம்பளத்தோட கூப்ட்டா வருவேன். எனக்கு அந்த வேலை வேணும்ங்க்கா. என்னிக்காச்சும் இங்கயே ஒரு வேலை கெடைக்கும்னுதான் மூணு வருசமா வந்தேன்னு வெச்சுக்கோங்க. அடுத்தவங்க சொல்ல எழுதப் பிடிக்கும்னு சொன்னதும் நெசந்தான். ரெண்டும் இருக்கக் கூடாதுங்களா?"

எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, அவளுக்கு உள்நோக்கம் இருக்கிறதென்று. இருந்தது. அதை அவள் ஒளிக்கவே இல்லை. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாள்.

கடைசியில் காப்பி குடித்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வேலையை விட்டுவிட்டேன். சாரிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன்: பூர்ணிமாவை நியமிக்க வேண்டும், நடந்ததை ஆலை அம்மாளிடம் சொல்ல வேண்டும். முதலாவதை ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு, "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறேனே" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இவரிடம், வெயிலில் அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மூணு வாரத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

தாரணி கம்ப்யூட்டரில் ரெஸ்யூமைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "அம்மா, இந்த ஒருங்கிணைப்பாளர் லைன் இருக்கட்டுமா, எடுத்துடவா?"

எடுத்துவிடு என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

துவரம்பருப்பு, பெருங்காயம். இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மூன்று ஞாயிறு போய்விட்டது. துணைக்கையிலிருந்து என்னை எழுதக் கூப்பிடவில்லை. நேற்று பழைய ஆசிரியரைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். எழுத ஆள் போதாமல் பூர்ணிமா ஊர் முழுக்கப் போன் செய்கிறாளாம். அப்படியென்றால் வேண்டுமென்றே என்னைக் கூப்பிடாமல் இருக்கிறாள். பதவி வந்ததும் பழியா? அல்லது சார் சொல்லிக் கூப்பிடாமல் இருக்கிறாளா? ஆலை அம்மாளுக்கு எல்லாம் தெரிந்துபோய்விட்டதா?

காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு நானே போன் செய்தேன்.

"பூர்ணிமா, என்னை வேண்டுமென்றேதான் கூப்பிடாமல் இருக்கிறாயா?"

"ஆமாங்க்கா" என்றாள். "வேணும்னுதான்."

இவ்வளவு நேராக வரும் என்று நினைக்கவில்லை.

"என்மேல் கோபமா?"

"கோவமும் இருக்குது. ஆனா அதுக்காக இல்ல. அடுத்த பரீட்சைக்கு உங்களைக் கௌசல்யாவுக்குத்தான் போடலாம்னு அவகிட்டக் கேட்டேன். வேற ஆள் வேணும்னுட்டா. அவ அப்படிச் சொன்னப்பறம் மத்தவங்களுக்கு உங்களைப் போட எனக்கு மனசு வரலைங்க்கா."

"என்ன காரணம் சொன்னாள்?"

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னிக்குக் கணக்குப் பகுதில உங்க குரல் அவ பக்கம் வரவே இல்லையாமா. எதிர்ப்பக்கமாவே போய்ட்டு இருந்துச்சாமா. அவ ரெண்டு தடவ உங்களைக் கூப்ட்டுப் பாத்தாளாம்."

ஒருமுறைதான் கூப்பிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒன்றுதான் எனக்குக் கேட்டது.

கௌசல்யாவின் விடுதி பீளமேட்டில் இருக்கிறது. சாயங்காலம் பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறேன். எதற்கு என்றாள். நேரில் சொல்கிறேன் என்றேன். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புடவை மாற்றிவிட்டேன். கிளம்புகிறேன்.